தேவகிருபை முழுகாம கீது

எங்கள் தீவில் யாரும் ரகசியம் என்று ஒன்றை வைத்துக்கொள்ள முடியாது. அக்கரையில், எண்ணூர்த் துறையில், மஜீது பாய் வாயைத் திறந்தால் எங்கள் நாற்பது வீட்டுக்கும் கேட்கும்.

தீவுக்குப் பேர் ஆலாத்திட்டு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு, முதுகுப்பக்கம் கால்வாய். தபால்காரர் ஆற்றைக் கடந்து வரமாட்டார். கடிதமானாலும் சேதியானாலும் துறையில் இருக்கிற மஜீது பாய் கடையோடு நின்றுவிடும். பாய் எங்களிடம் கருவாடு வாங்குவார், எங்களுக்கு அரிசி விற்பார், நடுவில் சேதியும் கூவுவார். கரைக்கு வந்து வாய்க்கு இரண்டு பக்கமும் கையை வைத்துக்கொண்டு ஒரு கூவல். எங்கள் கரையில் யார் நின்றாலும் அதைக் கேட்டு, உரியவர் வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் பேர், அப்புறம் விஷயம், அவ்வளவுதான். நாலு வார்த்தைக்கு மேல் போனால் மிச்சத்தைக் காற்று தின்றுவிடும். "சூசை, மாமனாரு பூட்டாரு!" "ரோசம்மா, அரிசி வந்துட்ச்சு!" சாவுக்கும் அரிசிக்கும் ஒரே தொண்டைதான்.

அந்தக் கூவலால் என் படிப்பு போகப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பேர் தேவகிருபை. நான் பிறந்த வருஷம் எங்கள் நைனா அம்புரோஸ் ஒரு பாய்த்தோணி வாங்கினார். முதல் பிள்ளை, முதல் தோணி, இரண்டுக்கும் ஒரே பேரை வைத்துவிட்டார். சாமியார் ஒரே சொம்புத் தண்ணீரில் எங்கள் இரண்டு பேரையும் மந்திரித்துவிட்டுப் போனாராம். அதன் பலனை நான்தான் அனுபவித்தேன். "தேவகிருபை ஒழுவுது", "தேவகிருபைக்குத் தார் பூசணும்", "தேவகிருபைய தள்றதுக்கு எட்டு ஆளு வோணும்" என்று பெரியவர்கள் சாதாரணமாகப் பேசுவார்கள். பையன்கள் அதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நைனாவிடம் போய் அழுதால், "தோணிக்கு வேற பேரு வெக்க சொல்றியா, உனக்கு வேற பேரு வெக்க சொல்றியா?" என்று கேட்பார். இரண்டில் எதை விட்டுக்கொடுக்கவும் எனக்கு மனசு வராது.

தீவிலிருந்து அக்கரைக்குப் படிக்கப் போன முதல் பெண் நான்தான். எட்டாவது முடித்ததும் ராயபுரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் வாத்தியார் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. தங்குவதும் அங்கேதான். எங்கள் ஊருக்குத் தலைவர் அய்யாத்துரை மாமா, அம்மாவின் அண்ணன். அவர் துள்ளினார். "பொட்டப்புள்ள ஆத்த தாண்டினா ஒழுங்கா திரும்பி வராது. கட்டிக்க சூசை ரெடியா கீறான், குடுத்துட்டுப் போ" என்றார். சூசை யார் என்கிறீர்களா? மாமனார் செத்த அதே சூசைதான். பிறகு மனைவியையும் பறிகொடுத்துவிட்டு, இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா தேடிக்கொண்டிருந்தார். நைனா மசியவில்லை. கடைசியில் மாமா ஒரு நிபந்தனை போட்டார். "அதப்பத்தி ஒரே ஒரு பேச்சு காதுல வுழட்டும், அன்னிக்கே இட்டாந்து கண்ணாலம் பண்ணிடுவேன்." நைனாவும் அதற்கு ஒப்புக்கொண்டுவிட்டார். எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. ஆளுயர மதிலுக்குள் இருக்கிற பெண்ணைப் பற்றி என்ன பேச்சு வந்துவிடப் போகிறது?

சுதந்திரம் வந்து நாலாவது வருஷம் ஐப்பசியில் ஒரு புயல் அடித்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஓடுகள் பறந்தன, ராயபுரத்தில் கடல் ரோடு வரைக்கும் ஏறி வந்துவிட்டுப் போனது. மழை விட்டு, வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலையில் என்னைத் தேடி ஆள் வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள்.

வாசலில் அம்மாவும் அய்யாத்துரை மாமாவும் நின்றிருந்தார்கள். அம்மா ராயபுரத்துக்கு வந்ததே இல்லை. புடவை முழங்கால் வரைக்கும் சேறு, தலை வாரவில்லை, கண் இரண்டும் வீங்கிக் கிடந்தன. "இன்னாம்மா?" என்றேன். அவள் பார்வை என் இடுப்பு வரைக்கும் வந்தது, அப்படியே தரைக்குப் போய்விட்டது. மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மதரைப் பாக்கணும்" என்றார்.

மாமா உள்ளே பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க நான் அம்மாவின் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முந்தானையைக் கழுத்தோடு சுற்றியிருந்தாள். உள்ளே தாலி இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. புயல் அடித்திருக்கிறது, அம்மா இந்தக் கோலத்தில் வந்திருக்கிறாள், நைனா வரவில்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று கடற்கரைப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கேட்க வாய் வரவில்லை.

மதர் வெளியே வந்து என்னைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். "பெட்டியை எடுத்துக்கொள், தேவகிருபை" என்றார்.

"எப்ப திரும்பி வரணும், மதர்?"

அவர் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அப்பா இல்லாத வீட்டில் படிப்புக்கு யார் இருக்கிறார்கள், அதனால்தான் மதர் பேசாமல் போகிறார் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

டோல்கேட் வரைக்கும் நடந்தோம். மாமா பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போனார். வழியெல்லாம் சாய்ந்த மரங்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். எண்ணூர் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள், நான் அவள் பக்கத்தில், மாமா எங்களுக்கு முன் சீட்டில். பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் அம்மா வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எத்தினி மாசம்?"

படிப்பு முடிய எத்தனை மாதம் என்று கேட்கிறாள் என நினைத்தேன். வேறு எதை நினைப்பேன்? நைனா போய்விட்டார், தம்பிகள் சின்னவர்கள், இனி வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. "இன்னும் ஆறு மாசம் கீதும்மா" என்றேன்.

அம்மா விரலை மடக்கி மடக்கி எண்ணினாள்.

"நீ ஒண்ணுத்துக்கும் பேஜாராவாதம்மா. எல்லாத்தையும் நா பாத்துக்கறேன். ஆறு மாசம் எப்டியாச்சும் சமாளிச்சுட்டா போதும்."

"அய்யோ!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாமா திரும்பி, "பாத்தியா, மூஞ்சில கொஞ்சமாச்சும் வெக்கம் கீதா பாத்தியா!" என்றார். அப்பாவை இழந்தவள் எதற்கு வெட்கப்பட வேண்டும்? துக்கத்தில் மாமாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அவருக்கு அது பிசகச் சின்னக் காற்று போதும்.

திருவொற்றியூர் தாண்டியதும் அம்மா, "எவன்டி?" என்றாள்.

"எவன்?"

"அவந்தான். அந்தப் படுபாவி எந்த வூட்டுப் புள்ள?"

நான் முழித்தேன். மாமாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "இன்னாத்துக்கு முழிக்கிற? ஊரு பூரா தெரிஞ்சுபோச்சு. நீ முழுகாம கீறன்னு மஜீது பாய் நேத்து காலைல கரைல நின்னுகினு கூவிட்டாரு. தீவே கேட்டுச்சு." கண்டக்டர் கூடத் திரும்பிப் பார்த்தான்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது இரண்டும் கொதித்தன. "அப்டின்னா நைனா?" என்று கத்தினேன். "நைனாவுக்கு இன்னா ஆச்சு?"

"உங்க நைனா கிளிஞ்சல் ஏத்தறதுக்குப் பழவேற்காடு போனாரு" என்றாள் அம்மா. "புயல்ல மாட்டிகினாரு. ஒரு சேதியும் இல்ல. வருவாரு வருவாருன்னு மழைல கரையிலயே நின்னேன். கடசில ஒரு சேதி வந்துச்சு. அதுவும் உன் சேதி."

அப்போதுதான் அவள் கழுத்து முந்தானை விலகியது. தாலி இருந்தது. செத்தார் என்பது என் கணக்குத்தான், இன்னும் யாரும் சொல்லவில்லை. அழுவதா, ஆத்திரப்படுவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தேன். "பொய்யி! பச்சப் பொய்யி!" என்றேன். "மஜீது பாய்க்கு என்னப் பத்தி இன்னா தெரியும்?"

"அவரு தங்கச்சி காத்தூன் பீவி உங்க பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வூடுதான?" என்றார் மாமா.

பக்கத்து வீடுதான். போன மாதம் காய்ச்சலோடு கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது அந்த அம்மாள் வாசலில்தான் நான் வாந்தி எடுத்தேன். அவர்தான் தண்ணீர் கொடுத்து முகத்தைத் துடைத்துவிட்டார். துடைத்துவிட்டு இதைத்தான் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாரா? எனக்கு வந்த கோபத்தில் பஸ்ஸே மெதுவாகப் போவதாகத் தோன்றியது.

எண்ணூரில் இறங்கியதும் நான் ஓட்டமும் நடையுமாக முன்னால் போனேன். காலையில் அம்மாவும் மாமாவும் ஓடத்திலிருந்து இறங்கி, வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு, பாய் கடைப்பக்கமே திரும்பாமல் போயிருக்கிறார்கள். எனக்கு என்ன வெட்கம்? நேராகக் கடைக்குள் போய் நின்றேன். பாய் கருவாடு நிறுத்துக்கொண்டிருந்தார்.

"பாய், நேத்து இன்னா கூவுனீங்க?"

பாய் முகமெல்லாம் சிரிப்பானார். "அட, தேவகிருபையா! பட்டணத்துக்கு சேதி பூட்ச்சா? அல்லா காப்பாத்தினான்மா." அதற்குள் அம்மா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் பாயின் சிரிப்பு நின்றுவிட்டது. "இன்னா ரோசம்மா இது? நல்ல சேதி கூவினா அழுதுகினு வர்ற?"

"நல்ல சேதியா?" என்று பாய்ந்தார் மாமா. "கண்ணாலம் ஆவாத பொண்ணு முழுகாம கீதுன்னு ஊருக்கே கூவறது நல்ல சேதியா?"

"எந்தப் பொண்ணு?"

"தோ நிக்கிதே, இதான்!"

பாய் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், தராசைக் கீழே வைத்தார். "அடப் பாவிங்களா! நா தோணிய சொன்னேன்யா!"

பாய்க்கு மூச்சு வாங்கியது. "பழவேற்காட்டு ஆளு ஒத்தன் ரயில்ல வந்து எறங்கி சொன்னான். அம்புரோசு தோணி முழுகாம கீது, ஆளுங்கல்லாம் பத்தரமா கீறாங்கன்னான். ஓடம் வுடல, ஆத்துல அம்மாந் தண்ணி. அந்தக் காத்துல இம்மாம் பெரிய சேதிய எப்டி கூவறது? பேர சொன்னேன், விஷயத்த சொன்னேன். தேவகிருபை முழுகாம கீது!"

அம்மா ஓர் அடி முன்னால் வந்தாள். "அப்ப... அவரு?"

"கல்லாட்டம் கீறாரு. பாய் கிழிஞ்சிபோச்சாம், அம்மாந்தான். அத தச்சுகினு, மூணு வேளையும் மீனும் சோறும் துன்னுகினு கீறாராம். நாளைக்கோ நாளான்னிக்கோ வந்துடுவாரு."

அம்மா அங்கேயே ஓர் உப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. என் கையை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். "கீறாரு! உங்க நைனா கீறாருடி!" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நானும் கீழே உட்கார்ந்தேன். அவள் மடியில் தலையை வைத்து நன்றாக அழுதேன். அவ்வளவு சுகமான அழுகையை நான் அதற்கு முன்னால் அழுததில்லை.

மாமாவுக்கு மட்டும் தோற்க மனசில்லை. "தோணின்னு ஒரு வார்த்த சேத்து கூவறதுக்கு இன்னாவாம்?" என்றார்.

"தோணிய தோணின்னு இதுவரிக்கும் எவன்யா கூவிகீறான்? பேருதான கூவறோம்? பொண்ணா இருந்தா முழுகாம 'கீறா'ன்னு கூவிருப்பேன். கீதுன்னுதான கூவினேன்? கீறாவுக்கும் கீதுக்கும் வித்தியாசம் தெரியாது உனுக்கு?"

"சின்னப் பொண்ண அது, இதுன்னுதான சொல்றோம்? அது வந்துச்சு, அது கீதுன்னு?"

மாமா சொன்னது நிஜம்தான். கொஞ்சம் முன்னால் மாமாவே என்னைக் காட்டி, 'தோ நிக்கிதே' என்றார். பள்ளியில் எனக்கு உயர்திணை, அஃறிணை என்று பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பதினேழு வயதாகியும் ஊரில் நான் தோணியோடு சேர்ந்து அஃறிணையில்தான் இருந்திருக்கிறேன். இது தெரியாமல் போனதால் கிட்டத்தட்ட இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகியிருப்பேன்.

பாய் சும்மா விடவில்லை. அப்போதே கரைக்குப் போய் நின்று, வாழ்க்கையிலேயே நீளமான கூவலைக் கூவினார். "தோணி! தோணி முழுகல! பொண்ணு இல்ல, தோணி! அம்புரோசு உசுரோட கீறாரு!" அன்றைக்குக் காற்று இல்லை. தீவுக் கரையில் ஆட்கள் சேர்ந்தார்கள். யாரோ துண்டைச் சுழற்றினார்கள். பெண்கள் குலவையிடுவது ஆற்றுக்கு மேலாக எங்களுக்குக் கேட்டது.

"சரி, ஆனது ஆச்சு" என்றார் மாமா. "ஓடத்துல ஏறுங்க."

நான் அம்மாவைப் பார்த்தேன். "நா பள்ளிக்கூடத்துக்குப் போவணும் மாமா."

"இன்னும் இன்னா பள்ளிக்கூடம்? மதருகிட்ட சொல்லியாச்சு, அவங்களும் அனுப்சிட்டாங்க. பேரு கெட்டது கெட்டதுதான். நேத்தே சூசைகிட்ட பேசிட்டேன், அவனும் பெரிய மனசு பண்ணி சரின்னுட்டான். இனிமே அவங்கிட்ட போயி இல்லன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

எனக்கு எதிரே ஆறு கிடந்தது. அந்தப் பக்கம் என் தம்பிகள், என் வீடு. நாளைக்கோ மறுநாளோ நைனா அங்கே வந்து இறங்குவார். அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும் என்றிருந்தது. ஆனால் அந்த ஓடத்தில் ஏறினால் நான் திரும்பி வரமாட்டேன் என்பதும் தெரிந்தது. நைனா வருவதற்குள் கோயிலில் கல்யாண ஓலை வாசித்துவிடுவார்கள். ஏற மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா எழுந்து நின்றாள்.

"அண்ணே, நீ போ" என்றாள்.

"நீங்க?"

"நா எம்பொண்ண இட்டுகினு ராயபுரம் போறேன். அந்த மதருகிட்ட வாயால சொன்னத வாயாலயே மாத்தி சொல்லணும். பேரு கெட்டுச்சுன்னா அத கெடுத்தது நாமதான? அது இன்னா பண்ணுச்சு?" சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்தினாள். "அவ இன்னா பண்ணா?"

"அம்புரோசு வந்து கேட்டா நா இன்னா சொல்றது?"

"பொண்டாட்டி பட்டணம் போயிகீறா, வந்துடுவான்னு சொல்லு. எனுக்காக அவரும் கொஞ்சம் கரைல நிக்கட்டும்."

மஜீது பாய் சிரித்துவிட்டார். மாமா என் பெட்டியைத் தொப்பென்று கீழே வைத்துவிட்டு ஓடத்தைப் பார்த்து நடந்தார். பெட்டியை நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம்.

பள்ளியில் அம்மா மதர் முன்னால் நின்று, "முழுகாம கீறது தோணி, மதர். எம்பொண்ணு இல்ல" என்றாள். மதர் குழம்பிப் போனார். அவர் பிறந்தது வெள்ளைக்காரச் சீமையில். இருபது வருஷமாகத் தமிழ் பேசுகிறவர்தான், ஆனாலும் இது அவருக்கும் அதிகம். முழுகுவது என்றால் என்ன, முழுகாமல் இருப்பது என்றால் என்ன, என் பேர் எப்படித் தோணியின் பேரானது என்று நான் ஒவ்வொன்றாக விளக்கினேன். முடிவில் மதர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததில் வந்த தண்ணீர். ஆனால் கண்ணாடியைத் திரும்பப் போட்டபோது அவர் சிரிக்கவில்லை.

"நான் உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், தேவகிருபை. கேட்காமல் அனுப்பியது என் தப்பு" என்றார். "பெட்டியை உள்ளே வை. அம்மாவைப் பஸ் ஏற்றிவிட்டு வா."

அவர் அப்படிச் சொன்னதும் அடங்கியிருந்த கோபம் எனக்கு மறுபடியும் கிளம்பிவிட்டது. டோல்கேட் வரைக்கும் பேசாமல் நடந்தேன். பஸ்ஸுக்காக நின்றபோது கேட்டுவிட்டேன்.

"எத்தினி மாசம்னு கேட்ட. எவன்னு கேட்ட. இது நெஜமான்னு ஒரு வார்த்த என்னக் கேட்டியாம்மா நீ?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கேக்கல" என்றாள். "கேட்டு, நீ ஆமான்னுட்டா நா இன்னா பண்ணுவேன்? கேக்காத வரிக்கும் பொய்யாக்கூட இருக்கலாம்னு நெனச்சிகினுதான் அம்மாந் தூரமும் வந்தேன்."

நன்றாகச் சுடச்சுடப் பதில் சொல்ல வாயெடுத்தேன். காலையில் பள்ளி வாசலிலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் நான் மட்டும் என்ன செய்தேன்? நைனா உயிரோடு இருக்கிறாரா என்று ஒரு வார்த்தை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் கேட்டேனா?

"நானும் நைனாவப் பத்திக் கேக்கலம்மா" என்றேன்.

அம்மா தலையை ஆட்டினாள். அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. எண்ணூர் பஸ் வந்து நின்றது, கண்டக்டர் ஏறச் சொல்லிக் கத்தினான். அம்மா என் கையை விடவில்லை.

"நீ போப்பா" என்றாள் அவனிடம். "நா அடுத்த பஸ்ஸுல வர்றேன்."